எதிர்வீட்டு முற்றத்தில் ஒரு கல்லறை

மில்வாக்கி, விஸ்கான்சின்
நவம்பர், திங்கள்கிழமை

கர்த்தருக்குள் பிரியமுள்ள மச்சினன் சத்தியராஜுக்கு,

அத்தான் ஞானதாசன், மகள் லிஜா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவது. நீயும் செசிலியும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே லிஜாவும் மருமகன் ஜிபினும் சுகம். நானும் உடம்பளவில் சுகம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ இடையில் பேசுவாய். செசிலி ஸ்பீக்கரில் வேறு போட்டுவிடுவாள், நம் குடும்ப விஷயம் பம்மம் ஜங்ஷன் டீக்கடை வரைக்கும் போய்விடும். கடிதம் என்றால் நீ வாயை மூடிக்கொண்டு கடைசிவரை படித்தாக வேண்டும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொள்.

விஷயம் நம்ம வீடும் அதைச் சுற்றின தோட்டமுமாகக் கிடக்கும் விளைதான். வாங்க வந்திருக்கும் மஸ்கட் சுயம்புராஜ், பேபியின் கல்லறையை எடுத்துக் கொடுத்தால்தான் அச்சாரம் தருவேன் என்று நிற்கிறார் என்று போன வாரம் சொன்னாய். நானும், "செய்யி மக்கா, உனக்க அக்காதானே, பாத்துச் செய்யி" என்று சொல்லிவிட்டேன். வீட்டுச் சாமான்களை ஒதுக்கச் சொன்னேன். அமெரிக்காவுக்கு வருவதற்கென்று பேபி மார்த்தாண்டத்தில் வாங்கி, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் வைத்துவிட்டுப் போனாளே அந்த நீல ஸ்வெட்டர், அதையும் செசிலி எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். இப்போது சொல்கிறேன், கல்லறையில் ஒரு ஆளும் கை வைக்கக்கூடாது. விளை விற்பனைக்கு இல்லை என்று சுயம்புராஜிடம் சொல்லிவிடு. ஏன் என்று கேள்.

இந்த ஊரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். நீ போட்டோவில் பார்க்கிற ஊர் வேறு, நான் இருக்கிற ஊர் வேறு. பகலில் தெருவில் ஒரு மனிதனைப் பார்க்க முடியாது. வீடுகள் இருக்கின்றன, கார்கள் இருக்கின்றன, புல் வெட்டியிருக்கிறது, யார் வெட்டினார்கள் என்று தெரியாது. எப்போதாவது எதிரில் வருகிறவன் "ஹவ் ஆர் யூ" என்பான். நான் நின்று முழங்கால் வலியில் ஆரம்பிப்பேன், அதற்குள் அவன் தெருமுனை தாண்டியிருப்பான். சனிக்கிழமைகளில் ஜிபின் என்னை ஊர் சுற்றக் கூட்டிப்போகிறான், நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். ஏரி காட்டினான். ஏரி என்றால் நம்ம குளம் மாதிரி இல்லை, கரையே தெரியாத கடல், முட்டத்தில் இருப்பது போலவே ஒரு விளக்குமரம் வேறு. ஆனால் உப்பு மணம் இல்லை, மீன் நாற்றம் இல்லை, ஒரு வள்ளம் இல்லை, கரையில் நின்று ஏசுவதற்கு ஒரு ஆள் இல்லை. அவ்வளவு தண்ணீர் அப்படிப் பேசாமல் கிடப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு திக்கென்றது. அப்புறம் கஸ்டர்ட் என்று ஒரு சாதனம். ஐஸ்கிரீம்தான், ஆனால் ஐஸ்கிரீம் என்று சொன்னால் கோபப்படுகிறார்கள். உதடு நீலமாகிற குளிரில் வரிசையில் நின்று அதை வாங்கித் தின்றுவிட்டு, நல்ல நாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆலயத்து ஹாலில் மீன் பொரித்துப் போடுகிறார்கள். முள் இல்லை, தலை இல்லை, மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை. உயிரோடு இருந்தபோதே அந்த மீனுக்கு இவையெல்லாம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த கிழவர்கள் நல்ல மனுஷர்கள். வழி கேட்டால், "செருப்புக்கடை இருந்த இடத்தில் இடது பக்கம் திரும்பு, தியேட்டர் இருந்த இடம் வரைக்கும் போ" என்பார்கள். இரண்டும் இப்போது இல்லை. நாமும் மேம்பாலம் வருவதற்கு முந்தின மார்த்தாண்டத்தை வைத்துத்தானே இன்னும் வழி சொல்கிறோம். கிறிஸ்துமஸுக்கு ஜன்னலில் பொம்மைகள் தானாக ஆடும் ஒரு பெரிய கடை இருந்ததாம், அதைச் சொல்லும்போது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்றைக்கோ மூடிப்போன சாக்லேட் ஃபாக்டரியின் மணம் சில சாயங்காலங்களில் இன்னமும் காற்றில் வரும் என்று சொல்லி எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். சத்தியா, எனக்கும் வந்தது.

அக்டோபர் பாதியில் ஒருநாள் காலை நடக்கப் போனால், வீடுகளுக்கு முன்னால் கல்லறைகள்! புல்வெளியில் ஒன்று, படியோரம் இரண்டு, ஒரு வீட்டில் குடும்பத்தோடு நாலைந்து. எனக்குச் சந்தோஷம் என்றுதான் சொல்லவேண்டும். செத்தவர்களை வீட்டு விளையிலேயே அடக்கம் பண்ணுகிறோம் என்றால் மெட்ராஸ்காரன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வான். இங்கே பார், வெள்ளைக்காரன் வாசலிலேயே வைத்திருக்கிறான். அதுவரைக்கும் ஏன் கண்ணில் படவில்லை என்று யோசித்தேன். நம்ம ஊரில் மட்டும் என்ன, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் மண்வெட்டி எடுத்துக் காடு வெட்டும்போதுதானே அங்கே இன்னார் படுத்திருக்கிறார் என்பதே ஞாபகம் வருகிறது. அதே மாதிரி இவர்களும் சருகை வாரியிருப்பார்கள் என்று முடிவு செய்தேன். ஒரு வீட்டு வாசலில் எலும்புக்கூடு ஒன்று நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. எலும்பு வைத்தியர் வீடு என்று நினைத்துக்கொண்டேன். முழங்காலை ஒருநாள் அவரிடம் காட்டவேண்டும் என்றும் மனதில் குறித்துக்கொண்டேன். லிஜாவிடம் கேட்டிருக்கலாம். கல்லறை என்ற வார்த்தையை எடுத்தாலே அவள் முகம் வாடிவிடுகிறது, அம்மா ஞாபகம். அதனால் வாயைத் திறக்கவில்லை.

நேர் எதிர்வீட்டில் ஒரே ஒரு கல். சுற்றிலும் சருகு மூடிக் கிடந்தது, யாரும் வாரவில்லை. பக்கத்திலேயே ஒரு போர்டு நட்டு, அதில் சிவப்புக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தியின் படம், நல்ல சிரிப்பு, பெயர் டெபி, அடியில் ஒரு போன் நம்பர். நம்ம ஊர்க் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் மாதிரியே இருந்தது. நம்பர் எதற்கு என்று சந்தேகம் வந்தது, நம்ம ஊரிலும் பிரிண்ட் அடித்தவன் அடியில் நம்பர் போடுகிறானே என்று சமாதானம் ஆனேன். இந்தச் சிறு வயதில் போய்விட்டதே, வாருவதற்கு ஒரு நாதி இல்லையே என்று நினைத்து நினைத்து எனக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. சாயங்காலமே லிஜாவின் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்ச் சருகை வாரி, ஒரு மெழுகுதிரி ஏற்றி, சகோதரி டெபியின் ஆத்துமாவுக்காக ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. வேஷ்டி, அதற்கு மேல் ஜிபினின் கோட்டு, தலையில் மங்கிக் குல்லா, கையில் மெழுகுதிரி. லிஜாவும் ஜிபினும் அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் மீட்டிங்கில் இருப்பார்கள், தெரியாது.

ஒன்று சொல்லவேண்டும். ஏரிக்காற்று சாதாரணக் காற்று இல்லை, குல்லாவையே பிடுங்கும். ஆனால் மெழுகுதிரி ஒரு நாளும் அணையவில்லை. சுடர் ஆடக்கூட இல்லை. அமெரிக்கா மெழுகு நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டேன். உன் வீட்டு விளையில் உங்கள் அம்மா கல்லறைக்குத் திரி ஏற்றும்போது பேபி ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையால் சுடரை மறைத்துக்கொண்டு, "ஜெபத்த சட்டுனு முடியுங்க, கை பொள்ளுது" என்று விரட்டுவாளே, ஞாபகம் இருக்கிறதா? பரமண்டல ஜெபத்தையே பாதியில் ஆமென் போட்டு முடித்த வருஷம் உண்டு.

எதிர்வீட்டு மாடி ஜன்னலில் வெள்ளைத் தலைமுடி வைத்த ஒரு கிழவி நிற்பாள். முதல் நாள் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் நாள் கை காட்டினாள். நானும் காட்டினேன். பெற்ற தாயாக இருக்கும், மூட்டுவலியில் இறங்கி வர முடியவில்லை என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் நான் திரியும் கையுமாக நிற்கும்போது ஒரு கார் வந்து நின்றது. கதவு திறந்து டெபி இறங்கினாள். போர்டில் இருக்கிற அதே டெபி, அதே சிவப்புக் கோட்டு, அதே சிரிப்பு, பல் ஒன்றுகூட மாற்றம் இல்லை. நேராக என்னிடம் வந்தாள். என் வாயில் "அப்பாலே போ சாத்தானே" என்று தமிழில் வந்தது, அவளுக்குப் புரியாததால் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். மரியாதைக்குக் கொடுத்தேன். கை சூடாக இருந்தது. குளிர்ந்து இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. பிறகு பையைத் திறந்து, தன் படம் போட்ட விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாள். செத்தவள் விசிட்டிங் கார்டு கொடுத்து நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? நான் எப்படி ரோட்டைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. கார்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்து அதன்மேல் ஞானப்பாட்டுப் புத்தகத்தை ஏற்றி வைத்தேன். லிஜாவிடம் சொன்னால் தலைக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போவாள், சொல்லவில்லை. ஆனால் மறுநாளும் திரி ஏற்றப் போனேன். கூப்பிடு என்று சொன்னவளை ஏமாற்றினால் அவளே வந்துவிட்டால்?

நேற்று ஞாயிறு, கல்லறைத் திருநாள். அன்றைக்கே இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கிறார்கள். கழிந்துபோன நேரம் திரும்பி வந்து இன்னொரு தடவை நடக்கும். அதற்கு மரித்தோர் நாளைத்தான் பார்த்து வைத்திருக்கிறார்கள். டீ குடிக்கும் நேரத்துக்கே இருட்டிவிட்டது. நான் பெரிய திரியாக ஏற்றி, ஜெபத்தை முழுசாக முடித்து, வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் டீயோடு உட்கார்ந்தேன். காற்று ஊளையிட்டது. எதிரில் அந்தக் கல் லேசாக அசைந்தது. பிறகு எழுந்தது. சத்தியா, நான் பொய் சொல்லவில்லை, கல்லறைக் கல் தரையை விட்டு எழுந்து, நட்டமாக நின்று, ரோட்டின் ஓரத்துக்கு வந்து, இரண்டு பக்கமும் பார்ப்பது போலக் கொஞ்சம் தயங்கி, ரோட்டைத் தாண்டி, நம்ம படியேறி, கதவைத் தட்டியது. லிஜா, "வாறேன் வாறேன்" என்று சொல்லிக்கொண்டே திறக்கப் போனாள். நான் "திறக்காத மக்களே!" என்று கத்தியதில் டீ முழுவதும் வேஷ்டியில். அவள் திறந்துவிட்டாள். கல் உள்ளே வந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் அதை ஒரு விரலால் தூக்கினாள்.

"அப்பா, இது தெர்மாகோலு. எதுக்கு இப்படிக் கெடந்து விளிக்கிதீங்க?"

அப்புறம்தான் ஜிபின் விளக்கினான். பேய்ப் பண்டிகையாம். பிள்ளைகள் வேஷம் கட்டி மிட்டாய்க்கு வருவார்களாம், அதற்காகக் கல்லறையும் எலும்புக்கூடும் கடையில் வாங்கி நட்டு வைத்து, முடிந்ததும் கேரேஜில் போட்டுவிடுவார்களாம். எதிர்வீட்டில் இருந்தது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நட்டதாம். டெபி வீடு விற்றுக் கொடுக்கும் புரோக்கராம், உயிரோடு மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாளாம். புரோக்கரின் ஆத்ம சாந்திக்காக உலகத்திலேயே முதலில் ஜெபம் பண்ணியவன் நானாகத்தான் இருப்பேன். ஜிபின் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

"போட்டும். எதிர்வீட்டு அம்மாட்ட ஒரு சாரி சொல்லணும். கிறுக்கன்னு நெனச்சிருக்கும்," என்றேன்.

"எந்த அம்மா?"

"மாடி ஜன்னல்ல நிக்குமே, வெள்ளத் தலைமுடி. தெனமும் எனக்குக் கை காட்டும்."

லிஜா சிரிப்பை நிறுத்தினாள். "அப்பா, அந்த வீட்டுல ஆளே இல்ல. அந்த அம்மா ஈஸ்டருக்கு முன்னாடியே மரிச்சுப் போச்சு. அடக்கத்துக்கு நானும் போனேன். அதனாலதான் வீடு விக்கப் போட்டிருக்கு."

மூன்று பேரும் ஜன்னலுக்குப் போனோம். மாடியில் திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கீழே, கல் இருந்த இடத்தில், என் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. கல்லறையையே தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிய காற்றுக்கு அந்தத் திரியை அணைக்கத் தெரியவில்லை. ஜிபின் போய்க் கதவைப் பூட்டினான்.

இன்றைக்குக் காலையில் இருந்து அதையே யோசிக்கிறேன். தன் வீட்டை விற்கிறார்கள் என்று தெரிந்து அந்த அம்மா ஜன்னலில் வந்து நிற்கிறாள், யார் வாங்க வருகிறார்கள் என்று பார்க்கிறாள், வாசலைப் பெருக்க ஒருவன் வந்தானே என்று கை காட்டுகிறாள். சுவரும் மரமும் மட்டும் உள்ள வீட்டுக்கே இப்படி என்றால், நம்ம பேபி அந்த மண்ணுக்குள்ளேயே அல்லவா படுத்திருக்கிறாள்? சுயம்புராஜ் ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்தும் அன்றைக்கு அவள் நீ அங்கே வைத்திருக்கும் தேனீப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். "இவருக்க கண்ணு எங்கயாக்கும் போச்சு" என்று கேட்பாள். பதில் சொல்ல நான் அங்கே இருக்கமாட்டேன். ஏழு கடலுக்கு அப்பால் ஐஸ்கிரீம் இல்லாத ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருப்பேன். அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்தது எனக்குத் தாங்கவில்லை சத்தியா. ஒவ்வொரு நாளும் தாங்கவில்லை. யாரோ ஒருத்தியின் கல்லுக்கு நான் விளக்கு வைத்ததே அதனால்தான்.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். விளை விற்பனைக்கு இல்லை. ஜிபினிடம் சொல்லி டிக்கெட் போட்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுவேன், வந்தால் திரும்ப மாட்டேன். லிஜா அழுவாள், அழட்டும், நான் வந்து பேபியின் கல்லறைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு இடத்தை அளந்து வைக்கவேண்டும். நீ அதுவரைக்கும் காடு வெட்டிச் சுத்தம் பண்ணி வை.

செசிலியின் முட்டுவலிக்கு ஜெபிக்கிறேன். உன் வீட்டிலும் தொழிலிலும் தேனீப் பெட்டிகளிலும் கர்த்தர் பெருக்கத்தைத் தருவாராக. ஆலயத்தில் என்னை விசாரிக்கிறவர்களுக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தான்
ஞானதாசன்

பின்குறிப்பு: இது செவ்வாய்க்கிழமை காலை எழுதுவது. போட்டோ எடுப்பதற்குக் காகிதங்களை மேசையில் அடுக்கும்போது வாசல் மணி அடித்தது. லிஜா திறந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் கிழவி, கம்பு ஊன்றிக்கொண்டு, கையில் ஒரு கேக்கோடு நிற்கிறாள். பேய் இல்லை. மரித்தவளின் தங்கை, பெயர் மார்கரெட். அக்காவின் சாமான்களை ஒதுக்க வெளியூரிலிருந்து வந்து ஒரு மாதமாக அங்கே தங்கியிருக்கிறாளாம், முழங்கால் சரியில்லாததால் வெளியே இறங்குவதில்லையாம். முதலில் எங்களைப் பார்த்து அவள்தான் பயந்தாளாம். பிறகு எங்களுக்காகவே தினமும் ஜன்னலில் காத்து நின்றாளாம். அக்காவின் முற்றத்தைப் பெருக்கி விளக்கு வைத்த தம்பதிக்கு நன்றி சொல்லாமல் ஊருக்குப் போக மனம் வரவில்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "உங்கள் மனைவி இல்லையா?" என்று கேட்டாள்.

நான் தப்பாகக் கேட்டிருப்பேன் என்று லிஜாவை விட்டு மறுபடியும் கேட்கச் சொன்னேன். அதையேதான் சொன்னாள். உங்கள் அப்பாவின் தோளுக்குக் கீழே நிற்கும் சின்ன உருவம், சேலைத்தலைப்பைத் தலையில் போட்டிருப்பார், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் மெழுகுதிரிக்குக் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டு நிற்பார், எப்போதும் ஏதோ அவசரப்படுத்துவது போல இருக்கும் என்றாள். லிஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பி என் தோளுக்குக் கீழே பார்த்தேன்.

அதனால் மேலே எழுதியது எதையும் எடுத்துக்கொள்ளாதே. சுயம்புராஜிடம் சரி என்று சொல். போதகரைக் கூப்பிட்டு, ஜெபம் பண்ணி, மரியாதையாக எடுத்து ஆலயத் தோட்டத்தில் வை. ஜேசிபி வந்தாலும் விளையில் இனி யாரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். நான் டிக்கெட் போடச் சொல்லவில்லை.

ஒரே ஒரு காரியம். அந்த நீல ஸ்வெட்டரை இன்றைக்கே பார்சல் அனுப்பு. செசிலி போட்டுப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, வாங்கித் துவைத்து அனுப்பு. இந்தக் குளிரில் வெறும் சேலையோடு நிற்கிறாரே என்று மார்கரெட் அம்மா தினமும் ஜன்னலில் நின்று வருத்தப்பட்டாளாம்.